வேரோடு நிற்கிற கன்னிக்கால்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ ரெலிபோனில் கேட்டதற்கு நான் “நல்லது ராசா, செய்” என்று சொல்லிவிட்டேன். சொல்லி வைத்த கையோடு மனதுக்குள் ஏதோ இடறியது. இன்று செவ்வாய். அந்த “நல்லது” என்ற சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் அப்பாவின் போனில் படம் பிடித்து இன்றைக்கே உனக்கு அனுப்புவோம். ரெலிபோனிலேயே சொல்லலாமே என்று அப்பா கேட்கிறார். ரெலிபோனில் சொன்னால் நீ காரை ஓட்டிக்கொண்டே “ஓகே அம்மா, ஓகே அம்மா” என்பாய். தமிழில் எழுதினால் எழுத்துக் கூட்டி ஒவ்வொரு வரியாகத்தான் வாசிக்க வேண்டிவரும். எட்டு வருடம் சனிக்கிழமை சனிக்கிழமையாக உன்னைத் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். தாரணி உன்னைவிட நன்றாக வாசிப்பாள், தெரியும். கலியாணத்துக்கு முன்னமே அவளுக்கு இந்த வேலையைக் கொடுக்காதே. முதலில் நீ வாசி. பிறகு அவளுக்குக் கொடு, ஊருக்கே கொடு, எனக்கு ஒளிக்க ஒன்றும் இல்லை.

நீ சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “அம்மா, வெள்ளிக்கிழமை மரம் வெட்டுற ஆக்கள் ட்ரக்கோட வருகினம். பின்வளவில ஓக்குக்குக் கீழ நிக்கிற சின்ன மரம் எட்டையும் எடுத்துப்போட்டு, சருகெல்லாம் வழிச்சு, லெவல் பண்ணிக் கிறவல் கல்லுப் போட்டா நூற்றைம்பது பேருக்கு ரென்ற் அடிக்கலாம். பொன்னுருக்கலை வீட்டிலயே வடிவாச் செய்யலாம். ஓக்கை நான் தொடேல்ல. பெர்மிற்றும் எடுத்தாச்சு.” பிக்கரிங்கில் காட்டோரமாக வீடு வாங்கி, தாலிக்குப் பொன் உருக்குகிற நாளை அந்த வீட்டிலேயே வைக்க வேண்டும் என்று நீ ஆசைப்படுவது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தேவையில்லை. நீ கல் பதிக்கிற தொழில்காரன். வோபர்னில் இருந்து அஜக்ஸ் வரைக்கும் எத்தனையோ தமிழர் வீட்டு வாசல் உன் கைபட்டது. ஒரு நிலத்தைப் பார்த்தால் அதை மட்டப்படுத்திய பிறகு எப்படி இருக்கும் என்றுதான் உன் கண்ணுக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த எட்டும் சின்ன மரம் இல்லை, தம்பி. அவற்றை வெட்ட விடாதே. சுற்றி வளைக்காமல் முதலே சொல்லிவிட்டேன். இனி ஏன் என்று சொல்கிறேன், ஆறுதலாக வாசி.

குற்றம் உன்னுடையது இல்லை. சருகைக் கண்டால் வழித்து எறிய வேண்டும் என்று உனக்குப் பழக்கியவள் நான். முற்றத்தில் சருகு கிடந்தால் மூதேவி குடிவருவாள் என்று கேட்டு வளர்ந்தவள். அப்பா என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டபோது சூட்கேசில் இரண்டு சேலையைக் குறைத்துவிட்டு ஒரு ஈர்க்கு விளக்குமாறு வைத்துக்கொண்டு வந்தேன். விமான நிலையத்தில் ஒருவன் அதைத் தூக்கிப் பார்த்து, இது என்ன வாத்தியம் என்று கேட்டான். எங்கள் வோபர்ன் வீட்டுப் பின்வேலிக்கு அப்பால் சரிவும் காடும், கீழே ஓடையும் இருப்பது உனக்குத் தெரியும். வேலிக்கு வெளியே கிடப்பது நகரசபைக் காணி என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. வேலியில் ஒரு படலை இருந்தது. படலை இருந்தால் அப்பால் உள்ளதும் நம்முடையதுதானே என்று நினைத்தோம். ஒவ்வொரு இலையுதிர் காலமும் நான் படலையைத் திறந்துகொண்டு போய், அந்தச் சரிவு முழுவதையும் என் முற்றம் மாதிரிக் கூட்டினேன். காட்டைக் கூட்டின மனுசி ரொறன்ரோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சருகை அள்ளிப் பழுப்புக் கடதாசிப் பைகளில் அடைத்துத் தெருவோரம் வரிசையாக வைத்துவிட்டு, நின்று பார்ப்பேன். அவ்வளவு பெருமை.

உனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம் அப்பாவுக்குப் பாவற்கொடிப் பந்தல் ஆசை பிடித்தது. கடையில் விற்கிற பச்சைப் பிளாஸ்ரிக் தடி பாவற்காய்ப் பாரத்துக்கு வளைந்துவிடும் என்று, கத்தியோடு படலையைத் திறந்துகொண்டு போனார். பெரிய ஓக் மரங்களுக்குக் கீழே, கை மொத்தத்தில், சாம்பல் நிறத்தில், வழுவழுப்பான பட்டையோடு கொஞ்ச மரங்கள் நின்றன. நேரான தடி, பந்தலுக்கென்றே வளர்ந்தது போல. அவர் வெட்ட வெட்ட நான் இழுத்துக்கொண்டு வந்தேன். “இஞ்சேருமப்பா, உதென்ன தடியோ தெரியேல்ல, இரும்பு மாதிரிக் கிடக்கு. கத்தி பட்டுத் தெறிக்குது” என்று அவர் குதூகலத்தில் சத்தம் போட்டார். பதினொரு மரம். பின்னேரத்துக்குள் பந்தல் எழும்பிவிட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த நீ பையைத் தோளில் இருந்து கழற்றாமலே பந்தலைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தக் கிழமைதான் உங்கள் வகுப்பைக் காட்டுக்குள் கூட்டிப்போயிருந்தார்கள். “நோ அம்மா, உது மஸில் மரம்! டீச்சர் தொட்டுப் பாக்கச் சொன்னவ, கையில இருக்கிற மஸில் மாதிரியே இருக்கும். ஓக்குக்குக் கீழ நிழலுக்க நிண்டு மெல்ல மெல்லத்தான் வளருமாம். ஏன் வெட்டினனீங்கள்?” என்று கேட்டாய். கேட்டுவிட்டு அழத் தொடங்கினாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “போடா விசரா, பாவக்காய்க்குப் பந்தல் வேண்டாமோ? மரத்துக்கு அழுகிற பிள்ளையை இப்பதான் பாக்கிறன்.” நீ ஒவ்வொரு தடியாகக் கையால் தடவிக்கொண்டு போனது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த வருடப் பாவற்காய் நல்ல காய்தான், பொய் சொல்லக் கூடாது. நீ மட்டும் ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஹெலனாவை உனக்கு ஞாபகம் இருக்கும், போலந்துக்காரி, தனியே இருந்தவர். நீ அழுத சத்தம் கேட்டு மறுநாள் படலையால் வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வெட்டிய அடிக்கட்டை ஒன்றுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, ஒரு குண்டூசியால் வளையம் வளையமாகத் தொட்டு எண்ணினார். எண்ணி முடித்து “தேர்ட்டி த்ரீ” என்றார். என் கையைவிடச் சற்றுப் பருமனான மரம், முப்பத்துமூன்று வயது. நான் இந்த நாட்டுக்கு வர முன்னமே, இந்த வீட்டைக் கட்ட முன்னமே முளைத்தது. எனக்கு முகம் கறுத்துவிட்டது. அவருடைய ஆங்கிலமும் உடைந்தது, என்னுடையதும் உடைந்தது, இரண்டு உடைந்ததும் சேர்ந்து எப்படியோ கதை ஓடியது. அவர் பிறந்த இடத்தில் காடென்றால் இந்த இரண்டும்தானாம். மேலே ஓக், கீழே ஹோர்ன்பீம், அதாவது உன் மஸில் மரம். அங்கே இருப்பவை இங்கே இருப்பவற்றுக்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள், குணம் ஒன்றுதான். ஓக்குக்கு மேல்வெயில் வேண்டும். ஹோர்ன்பீம் மிஞ்சி விழுகிற வெளிச்சத்தில் சீவிக்கும், அவசரமே இல்லை. அதன் இலை மெல்லியது, கெதியில் மண்ணாகிவிடும். ஓக்கின் இலை தோல் மாதிரி, ஆறுதலாகத்தான் உக்கும். ஒன்று நிலத்துக்குச் சாப்பாடு, மற்றது நிலத்துக்குப் போர்வை என்று அவர் கைச்சாடையில் காட்டினார். போகும்போது உன்னைத் தேடிப் பார்த்து “டோன்ட் க்ரை. கம் பேக்” என்று அடிக்கட்டையைத் தட்டினார். “உந்தக் கிழவிக்கு வேற வேலையில்லை” என்றார் அப்பா. எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

அடுத்த சித்திரையில் மழை வந்தது. சருகுப் போர்வையும் இல்லை, மண்ணைப் பிடித்துக்கொள்கிற வேரிலும் பாதி செத்திருந்தது. சரிவில் இருந்த கறுப்பு மண் கரைந்து ஓடைக்குப் போய், எங்கள் வேலிக்கால் இரண்டும் வெளிப்பக்கம் சாய்ந்தன. அந்தச் சரிவில் பனி கரைந்த கையோடு ஒரு வெள்ளைப் பூ வரும், மூன்று இதழ், ட்ரில்லியம், உன் ஹெல்த் கார்டில் இருக்கிற அதே பூ. ஓக் துளிர்க்கப் பிந்தும். அது துளிர்த்து வெயிலை மறைக்கும் முன், இருக்கிற மூன்று நாலு கிழமைக்குள் பூத்து, காய்த்து, தன் அலுவலை முடித்துக்கொள்ள வேண்டிய பூ அது. விளக்குமாற்றால் நான் அதன் முளைகளையே கீறிப் போட்டிருக்கிறேன். அந்த வருடம் ஒன்றும் பூக்கவில்லை. நீ படலையில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாய்.

ஏன் அப்படிக் கூட்டினேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உனக்குக் காடென்றால் ஸ்கூல் ட்ரிப். எனக்குக் காடென்றால் ஊரில் சண்டை நேரம் ஷெல் அடிக்குள் தலையணைகூட இல்லாமல் பற்றைக்குள் படுத்துக் கிடந்த ஒன்பது நாள். சருகுக்குள் சரசர என்று சத்தம் கேட்டால் பாம்போ மனிதரோ என்று தெரியாது, இரண்டுக்கும் ஒரே பயம்தான். பின்வேலிக்கு அப்பால் சருகு சத்தம் போடாவிட்டால் என் பிள்ளை நிம்மதியாக நித்திரை கொள்வான் என்று நினைத்தேன். நித்திரை கொள்ளாமல் கிடந்தது நான்தான், நீ இல்லை. பயத்தைச் சுத்தம் என்று பெயர் மாற்றி உனக்குப் பழக்கிவிட்டேன். அது என் பிழை.

அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. தாரணிக்குக் கொடுக்க முன் நீ வாசிக்க வேண்டும் என்று சொன்னது இதற்காகத்தான்.

பந்தல் போட்ட அதே வருட இலையுதிர் காலத்தில் ஓக் மரங்கள் காய்த்துக் கொட்டின. சில வருடம் பேருக்கு நாலு காய், சில வருடம் அணில் தின்று முடிக்க ஏலாத அளவு. அது கொட்டுகிற வருடம். நீ சட்டைப் பை, காற்சட்டைப் பை, தொப்பி எல்லாம் நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்தாய். வாளித் தண்ணீரில் போட்டு, “மிதக்கிறது சொத்தை அம்மா, தாழுறதுதான் நல்லது” என்று எனக்கு வகுப்பெடுத்தாய். குளிர்காலம் முழுக்க ஈரத்தில் குளிரக் கிடந்தால்தான் அது முளைக்கும் என்று டீச்சர் சொன்னதை நம்பி, ஈரக் கடதாசியில் சுற்றி, ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் கீழ்த் தட்டில் கறிவேப்பிலைக்குப் பின்னால் வைத்தாய். எங்கள் வீட்டில் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் ஐஸ்கிறீமைத் தவிர மற்றதெல்லாம் இருக்கும். மார்கழி மாதம், ஒரு ஞாயிறு மத்தியானம், அப்பா மீன் குழம்பு என்று நினைத்து அதைத் திறந்தார். நாலைந்து காய்க்குள்ளிருந்து தடித்த வெள்ளைப் புழு வெளியே வந்து நெளிந்துகொண்டிருந்தது. “ஐயோ, இதென்ன கோதாரி!” என்று அவர் கத்திய கத்தில் நான் ஓடிவந்து, டப்பாவைப் பறித்துக்கொண்டு போய், படலையடியில் நின்று மூடியோடு சேர்த்துச் சரிவில் கொட்டினேன். டப்பாவை மட்டும் திருப்பிக் கொண்டுவந்து சுடுதண்ணீரில் கழுவினேன்.

நீ வந்து கேட்டபோது, “அது பழுதாப் போச்சு ராசா. எல்லாம் அழுகி மணந்தது, எறிஞ்சுபோட்டன்” என்றேன். “நான் பிழையாச் செய்திட்டனோ அம்மா? தண்ணி கூடிப்போச்சோ?” என்று கேட்டாய். நான் “ஓம்” என்றேன். தம்பி, அது பொய். ஒன்றும் அழுகவில்லை. புழு இருந்தது நாலைந்தில்தான், மற்றதெல்லாம் முழுக் காய். புழுவைப் பார்த்து அருவருத்துப் பிள்ளையின் சாமானை எறிந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை உன் தலையில் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ ஒரு காயும் பொறுக்கவில்லை. பதினெட்டு வயதில் காட்டியல் படிக்கட்டுமோ என்று கேட்டபோதும், “காடு படிக்கவோ நாங்கள் கனடா வந்தனாங்கள்?” என்று ஒரு சத்தம்தான் போட்டேன், நீ இரண்டாம் சொல் கேட்கவில்லை. உனக்கு அந்தப் படிப்பில் நம்பிக்கை இல்லையென்றுதான் நான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது வயதில் அந்த நம்பிக்கையைக் கெடுத்தது யார்? நீ இன்று நன்றாக இருக்கிறாய், கெட்டிக்காரன், நாலு பேருக்கு வேலை கொடுக்கிறாய். அதற்காக நான் செய்தது சரியாகிவிடாது.

இப்போது நல்ல கதைக்கு வருகிறேன். வேலி சாய்ந்த பிறகு, வெட்கத்தில், சரிவைக் கூட்டுவதை விட்டேன். ஃபாக்டரி வேலையால் நின்ற பிறகு ஒவ்வொரு காலையும் படலையால் போய் வருகிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ, படலையடியில் கதிரை போட்டு இருந்துகொண்டு “விழுந்து கிடந்தால் என்னால தூக்க ஏலாது, சொல்லிப்போட்டன்” என்று காவல் காப்பார். நாங்கள் வெட்டிய பதினொரு அடிக்கட்டையில் ஒன்பது திரும்பத் துளிர்த்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மூன்று நாலு தண்டு, இப்போது என் மணிக்கட்டு மொத்தம். ஹெலனா சொன்ன “கம் பேக்” பொய்யாகவில்லை. அவற்றுக்கு நடுவே, நாங்கள் வெட்டித் திறந்துவிட்ட வெளிச்சத்தில், ஒரு ஓக் நிற்கிறது. ஹோர்ன்பீம் நிழல் அடர்ந்த இடத்தில் ஓக் கன்று தலையெடுக்காது, அதற்கு ஒரு திறப்பு வேண்டும். அது இன்று எங்கள் வீட்டுக் கூரையைவிட உயரம். அதன் அடியில் சருகை விலக்கிப் பார்த்தேன், மண்ணுக்குள் பாதி புதைந்து ஒரு பிளாஸ்ரிக் மூடி. “வனிலா” என்ற எழுத்து இன்னும் தெரிகிறது. நீலக் குருவியோ அணிலோ புதைத்த காயாகவும் இருக்கலாம் என்று அப்பா வாதாடுகிறார். வாதாடட்டும். மூடி என்னிடம் இருக்கிறது, கழுவி வைத்திருக்கிறேன்.

ட்ரில்லியமும் வந்துவிட்டது. எறும்பு அதன் விதையைத் தூக்கிக்கொண்டு போய்ப் புற்றுக்குள் போடுமாம். அது முளைத்து முதல் பூ பூக்க ஏழெட்டு வருடமாவது எடுக்கும். இன்று காலை ஒன்பது பூ. அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்கு வரப்போகிற ட்ரக்கை நினைத்து, இனிப் பிந்தக் கூடாது என்று நேரே வந்து பேனையை எடுத்தேன்.

மரமே வெட்டக் கூடாது என்று சொல்ல நான் சாமியார் இல்லை. வெட்டிய இடத்தில்தான் வெளிச்சம் வந்து உன் ஓக் வளர்ந்தது, அதையும் நானே சொல்லிவிட்டேன். ஆனால் நாங்கள் கத்தியால் வெட்டினோம், அடியும் வேரும் மண்ணும் மிஞ்சின. நீ அந்த எட்டு ஹோர்ன்பீமையும் அடியோடு கிண்டி, வழித்து, கிறவல் போட்டு, நிலத்தை இறுக்குகிற கொம்பாக்டர் ஓட்டப்போகிறாய். அதிலிருந்து எது திரும்பி வரும்? ஓக்கைத் தொடவில்லை என்கிறாய். அதன் வேர் கிளையையும் தாண்டி மேல்மண்ணுக்குள்ளேதான் ஓடுகிறது. அதன் மேல் கொம்பாக்டர் ஓட்டினால் தொட்டதுதான். உடனே சாகாது, உச்சியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காயும், பிறகு ஒரு காற்றுக்கு உன் பிள்ளைகள் படுக்கிற அறைப் பக்கம் விழும். நிலம் இறுகினால் தண்ணீர் இறங்காது என்பது என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும், அதுதானே உன் தொழில். அந்த அறிவைக் கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பி யோசி.

கலியாணத்துக்குப் புத்திமதி சொல்லுங்கோ என்று போன மாதம் நீ பகிடியாகக் கேட்டாய். நீ ஓக், தாரணி ஹோர்ன்பீம் என்று கதை அளக்க மாட்டேன். அப்படிச் சொன்னால் அந்த மட்டக்களப்புப் பெட்டை என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். என்னிடம் இருப்பது ஒரு புத்திமதிதான். அவள் எதையாவது எங்கேயாவது எடுத்து வைத்தால், அது உனக்குக் குப்பையாகத் தெரிந்தாலும், இது என்னவென்று கேட்ட பிறகு கை வை. பிழை விட்டால் அன்றைக்கே சொல். என்னைப்போல இருபது வருடத்துக்கு மேல் காத்திருக்காதே.

இனிப் பொன்னுருக்கல் கதை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் நாங்கள்தான் அன்றைக்குக் கன்னிக்கால் ஊன்ற வேண்டும். முள்முருக்கந்தடி வெட்டி நட்டு, மஞ்சள் துணி கட்டி, பெண்கள் பாலும் தண்ணீரும் விடுவது வழக்கம். அந்தத் தடி வேர்விட்டுத் தளிர்த்தால் குடும்பம் தளிர்க்கும் என்பது நம்பிக்கை. இங்கே முள்முருக்குக்கு எங்கே போவது? போன வருடம் ஒரு பொன்னுருக்கலில் பார்த்தேன், வாடகைக்கு எடுத்த பூந்தொட்டி, அதற்குள் சிமெந்து, சிமெந்துக்குள் ஒரு காய்ந்த கொம்பு. அதற்குப் பால் ஊற்றினோம். பால் தொட்டியால் வழிந்து கார்ப்பெற்றில் ஓடியது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நேற்று ஐயருக்குப் போன் எடுத்தேன். “ஐயா, தடி வெட்டி நடாமல், வளவில நிக்கிற மரத்திலயே மஞ்சள் துணி கட்டினால் குற்றமோ?” அவர் “நடுறதே வேர்விடோணும் எண்டுதானே அம்மா. வேரோட நிக்கிறதுக்கு என்ன குற்றம்? ஈசான மூலையிலயோ நிக்குது?” என்றார். நான் “ஓம் ஐயா” என்றேன். யோசிக்காமல் ஓம் சொல்வது என் பழக்கம், உனக்குத்தான் தெரியுமே. பிறகு அப்பாவின் போனில் உன் வளவுப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தோம். முதல் இரண்டு மரமும் நேர் வடக்கு. மூன்றாவது கொஞ்சம் கிழக்கே தள்ளி நிற்கிறது, எட்டிலும் அதுதான் மூத்தது போலத் தெரிகிறது. அதில் கட்டுவோம். நாற்பது ஐம்பது வருடமாக அந்த இடத்தில் வேரோடு நிற்கிற கன்னிக்கால் இந்த ரொறன்ரோவில் வேறு எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும்? நூற்றைம்பது பேர் வேண்டாம், ஊரைக் கூப்பிடக் கலியாண ஹோல் இருக்கிறது. ரென்ற்றை முன்பக்கம் ட்ரைவ்வேயில் அடி, நீ பதித்த கல்லையும் நாலு பேர் பார்க்கட்டும். பின்வளவில் சருகு கிடக்கட்டும். பட்டுச் சேலையோடு சருகில் நடக்க மாட்டேன் என்கிற மாமிமாரை நான் பார்த்துக்கொள்கிறேன். மூதேவி வந்தால் அவளுக்கும் ஒரு பிளேன்ரீ கொடுப்போம்.

ஆகவே இதை வாசித்து முடித்த கையோடு அந்த ட்ரக்காரனுக்குப் போன் எடுத்து, வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொல். சொல்லிவிட்டு இங்கே ஒருக்கால் வந்து போ. போன புரட்டாதியில் உன் ஓக் முதல் தரமாகக் காய்த்தது. அணில் தின்றது போக எனக்கு ஆறு காய் கிடைத்தது. நீ சொல்லித் தந்தபடி தண்ணீரில் போட்டேன். இரண்டு மிதந்தது, நாலு தாழ்ந்தது. நாலையும் ஈரக் கடதாசியில் சுற்றி, ஐஸ்கிறீம் டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில் கீழ்த் தட்டில் கறிவேப்பிலைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். குளிர்காலம் முழுக்க அங்கேதான் கிடந்தது. அது மீன் குழம்பு இல்லை என்று அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். இன்று காலை திறந்து பார்த்தேன், மூன்றில் வெள்ளை வேர் வந்துவிட்டது. தண்ணீர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஒன்பது வயதில் நீ வைத்தது எப்படியோ அப்படியேதான் வைத்தேன். நீ அன்றைக்கு ஒன்றும் பிழையாகச் செய்யவில்லை, ராசா.

அம்மா